நிகழ்ச்சி காலேஜோடது, கிரெடிட் கார்டு உங்களோடதா? இன்னோவேஷன் சென்டர் வேலையின் பணக் கணக்கு

நம்ம திருக்கோவிலூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை பக்கத்துப் பசங்களுக்கு இப்போ ஒரு புது வகை வேலை கிடைக்குது. காலேஜ் அல்லது பல்கலைக்கழகத்து இன்னோவேஷன் சென்டரில் புரோகிராம் கோஆர்டினேட்டர். ஹாக்கத்தான், ஐடியா போட்டி, ஸ்டார்ட்அப் பேச்சாளரைக் கூட்டிட்டு வர்றது, பயிற்சி முகாம், இது எல்லாத்தையும் ஒருங்கிணைக்கிற ஆள். ஐஐடி மெட்ராஸில் 2008-லேயே 'சென்டர் ஃபார் இன்னோவேஷன்' வந்துடுச்சு. ஆனா சின்ன ஊர் காலேஜ் வரைக்கும் இந்த வேலை வந்து சேர்ந்தது, 2018-ல் அப்போதைய மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இப்போ கல்வி அமைச்சகம்) 'இன்ஸ்டிடியூஷன்ஸ் இன்னோவேஷன் கவுன்சில்' திட்டத்தைத் தொடங்கின பிறகுதான். அந்த கவுன்சிலுக்கு வருஷத்தை நாலு காலாண்டாப் பிரிச்சு நிகழ்ச்சிக் காலண்டர் உண்டு. நிகழ்ச்சி நடத்தி, ரிப்போர்ட் ஏத்தினாத்தான் காலேஜுக்கு ஸ்டார் ரேட்டிங். அதனால நிகழ்ச்சி நிக்காது.

வேலை நல்லாத்தான் இருக்கும். பத்துப் பேரோட பழக்கம், மேடை, மைக். நான் பேச வந்தது அதைப் பத்தி இல்லை. இந்த வேலையில் உங்க சொந்தப் பணமும் சென்டர் பணமும் ரொம்ப சுலபமாக் கலந்துடும். கலந்தா நஷ்டம் எப்பவும் உங்களுக்குத்தான்.

முதல்ல ஆஃபர் லெட்டரைப் பாருங்க

இந்த வேலைகள் பெரும்பாலும் திட்ட நிதியில் ஓடுற ஒப்பந்த வேலை. சில இடத்தில் உங்களை வேலைக்கு எடுக்கிறது பல்கலைக்கழகமே இல்லை. அடல் இன்னோவேஷன் மிஷன் திட்டத்தில் வர்ற இன்குபேஷன் சென்டர் தனிச் சட்ட அமைப்பாப் பதிவாகணும். பல இடத்தில் அது செக்‌ஷன் 8 கம்பெனி. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரியில் இன்ஜினியரிங் காலேஜோடு சேர்ந்து தொடங்கின அடல் சென்டர்கூட 'ஃபவுண்டேஷன்'ங்கிற பேரில்தான் இருக்கு. கேட்டில் பல்கலைக்கழகப் பேர் இருக்கும், உங்க சம்பளம் வேற ஒரு கம்பெனி அக்கவுண்டிலிருந்து வரும். லெட்டர்ஹெட்டில் யார் பேர் இருக்குன்னு பார்த்தாத்தான் உங்க முதலாளி யாருன்னே தெரியும்.

அடுத்து அந்தப் பணத்துக்கு என்ன பேர் வெச்சிருக்காங்கன்னு பாருங்க. 'சாலரி'ன்னு இருந்தா பிரச்சினை இல்லை. 'கன்சாலிடேட்டட் பே'ன்னு இருந்தாலும் அது சம்பளம்தான், பேசிக், எச்ஆர்ஏன்னு பிரிக்கலை, அவ்வளவுதான். 'ப்ரொஃபஷனல் ஃபீஸ்', 'கன்சல்டன்ட்', 'ஹானரேரியம்'னு இருந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க.

மாசம் 35,000 ரூபாய், வருஷத்துக்கு 4,20,000-ன்னு வெச்சுக்குவோம். சம்பளமா வந்தா 192-வது பிரிவு. புதிய வரி முறையில் 75,000 நிலைக்கழிவு போக 3,45,000 மிச்சம். 4 லட்சம் வரைக்கும் வரியே இல்லைங்கிறதால டிடிஎஸ் பூஜ்யம். டிடிஎஸ் பிடித்தம் இல்லாம மாசம் 35,000 வரும்.

அதே பணம் ப்ரொஃபஷனல் ஃபீஸா வந்தா 194ஜே. 10% பிடிப்பாங்க. மாசம் 3,500, வருஷத்துக்கு 42,000. உங்களுக்கு நிலைக்கழிவு கிடையாது. ஆனா 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி இருக்கிறதால கடைசியில் வரி இங்கேயும் பூஜ்யம்தான். அப்போ அந்த 42,000 எங்கே? அரசாங்கத்துகிட்ட. ஐடிஆர் போட்டாத்தான் ரீஃபண்டா வரும். 'எனக்கு வரியே இல்லையே, நான் எதுக்கு ரிட்டர்ன் போடணும்'னு விட்டுட்டா, ஒரு மாச வருமானத்துக்கு மேல போச்சு. வருஷத்துக்கு 25,000-க்கு மேல டிடிஎஸ் பிடிச்சிருந்தா ரிட்டர்ன் போடறது கட்டாயமும்கூட.

பிரவுசிங் சென்டரில் போய் ஐடிஆர்-1 போட்டுட்டு வந்துடாதீங்க. 194ஜே வருமானத்துக்கு அது சரியான ஃபார்ம் இல்லை. 44ஏடிஏ-வில் பாதி வருமானத்தைக் காட்டினாப் போதும்னு நண்பர் சொல்லுவார். அந்தப் பிரிவு குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும்தான்: மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை மாதிரி. நிகழ்ச்சி ஒருங்கிணைப்பு அந்தப் பட்டியலில் இல்லை. உங்க வேலை தொழில்நுட்ப ஆலோசனையா, நிர்வாகமான்னு ஒப்பந்தத்தை வெச்சுப் பார்த்துதான் சொல்ல முடியும்.

வரியைவிட எனக்குப் பெருசாத் தெரியுறது பிஎஃப். 20 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கிற இடத்தில் சம்பளக்காரரா இருந்து, பிஎஃப்பில் உங்களைச் சேர்த்திருந்தா, முதலாளி பங்கு 15,000-க்கு 12% கணக்கிலேயே மாசம் 1,800, வருஷத்துக்கு 21,600. 'கன்சல்டன்ட்'டுக்கு அது ஒண்ணும் கிடையாது. ஆறு பேர் மட்டும் வேலை பார்க்கிற செக்‌ஷன் 8 கம்பெனின்னா சம்பளக்காரருக்கே பிஎஃப் இல்லாமப் போகலாம். அப்போ அந்த 21,600-ஐயும் சேர்த்துச் சம்பளம் பேசணும்.

காலையில 9 மணிக்கு பயோமெட்ரிக், லீவுக்கு லெட்டர், டைரக்டர் சொன்ன வேலை. இப்படி இருந்தா சட்டப்படி அது வேலைக்காரர் உறவுதான், பேர் என்ன வெச்சாலும். ஆனா அதை நிரூபிக்கச் சண்டை போடுறதைவிட, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி 'சார், இதை 192-ல போட முடியுமா?'ன்னு கேட்டுடறது சுலபம். கேட்டா கோபப்பட மாட்டாங்க. பல இடத்தில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பழைய டெம்ப்ளேட்டை அப்படியே அனுப்பியிருப்பாங்க.

(2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறை. 192 இனி 392. 194ஜே, 194சி எல்லாம் 393-க்குள்ள போயிடுச்சு. ஆபீஸில் எல்லாரும் இன்னும் பழைய எண்ணையே சொல்றதால நானும் அதையே எழுதுறேன்.)

'பண்ணிடுங்க தம்பி, பார்த்துக்கலாம்'

இந்த ஒரு வாக்கியத்துக்கு ஒரு விலை இருக்கு. போட்டுப் பார்ப்போம்.

நாளைக்கு நிகழ்ச்சி. அட்வான்ஸ் ஃபைல் இன்னும் ரிஜிஸ்ட்ரார் மேஜையில். சாப்பாடு, ஃப்ளெக்ஸ், சவுண்ட் சிஸ்டம், விருந்தினரை விழுப்புரம் ஜங்ஷனிலிருந்து கூட்டிட்டு வர கார். மொத்தம் 41,000. உங்க கார்டைத் தேய்க்கிறீங்க. பணம் திரும்ப வர நாலு மாசம் ஆகுதுன்னு வெச்சுக்குங்க. கார்டு வட்டி மாசம் 3.5%. 41,000-க்கு 1,435, அதுக்கு மேல 18% ஜிஎஸ்டி, மொத்தம் கிட்டத்தட்ட 1,693. நாலு மாசத்துக்கு 6,770-க்கு மேல. மினிமம் டியூ மட்டும் கட்டிட்டு இருந்தா அந்தக் கார்டில் புதுசா வாங்குற மளிகைக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி. ஆடிட்டில் 11,000 ரூபாய்க்குச் சரியான பில் இல்லைன்னு தள்ளிட்டாங்கன்னா, ஒரு நாள் நிகழ்ச்சிக்கு உங்க கைக்காசு 17,770. 35,000 சம்பளத்தில் பாதி. வட்டியை எந்தக் காலேஜும் ரீஇம்பர்ஸ் பண்ணாது.

அட்வான்ஸ் கைக்கு வந்துட்டா நிம்மதின்னும் நினைக்காதீங்க. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017-ல் ஒரு விதி: அட்வான்ஸ் எடுத்த 15 நாளுக்குள்ள கணக்கும் மீதிப் பணமும் கொடுக்கணும், இல்லேன்னா அடுத்த சம்பளத்தில் பிடிக்கணும். பல்கலைக்கழகங்களுக்குத் தனித்தனி விதி இருக்கு, நாள் கணக்கு மாறும். சம்பளத்தில் பிடிக்கிறது மட்டும் பெரும்பாலும் மாறாது. அப்படிப் பிடிச்சாலும் வரி முழுச் சம்பளத்துக்குத்தான் கணக்கிடுவாங்க, அது கூடுதல் எரிச்சல்.

அதனால அட்வான்ஸ் பணத்துக்குன்னு தனியா ஒரு ஜீரோ பேலன்ஸ் சேமிப்புக் கணக்கு வெச்சுக்குங்க. சம்பள அக்கவுண்டில் வாங்காதீங்க. டைரக்டர் வாயால சொன்னதை அன்னைக்கு ராத்திரியே ஒரு மெயிலாப் போடுங்க: 'இன்று தாங்கள் கூறியபடி 60 பேருக்கு மதிய உணவு, உத்தேசம் இவ்வளவு ரூபாய், ஏற்பாடு செய்கிறேன்.' பதில் வரலைன்னாலும் பரவாயில்லை. நிகழ்ச்சி ரத்தாகி, பந்தல்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரலைன்னா அந்த மெயில்தான் உங்களைக் காப்பாத்தும்.

பில் கேட்டா முறைக்கிற ஊர்

சென்னையில ஓட்டல் ஜிஎஸ்டி பில்லை மெயிலில் அனுப்பிடும். நம்ம ஊரில் சமையல் மாஸ்டர் வெள்ளைத்தாளில் '60 சாப்பாடு, சரி'ன்னு எழுதிக் கொடுப்பார். கல்வராயன் மலையில் பயிற்சி முகாம்னு வெள்ளிமலைக்கு மாணவர்களைக் கூட்டிட்டுப் போனீங்கன்னா, வழியில சிக்னல் இல்லாத இடத்தில் யுபிஐ போகாது, வேன் டிரைவருக்கும் டீக்கடைக்கும் ரொக்கம்தான். ஆடிட்டருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனா அவருக்கு ஃபைலில் காகிதம் வேணும்.

சின்னக் கடைக்காரர் ஜிஎஸ்டி பதிவு பண்ணாம இருக்கறது தப்பில்லை. அவர்கிட்ட சாதா ரசீது வாங்கலாம். ரசீதில் காலேஜ் அல்லது சென்டர் பேர் இருக்கணும், உங்க பேர் இல்லை. தேதி, என்ன பொருள், எவ்வளவு, அவர் கையெழுத்து, போன் நம்பர். ரொக்கம் 5,000-ஐத் தாண்டினா ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அது மேல கையெழுத்து. பத்து ஸ்டாம்பை முன்கூட்டியே வாங்கி உங்க பையில வெச்சுக்குங்க. விழா முடிஞ்ச மறுநாள் பந்தல்காரரைத் தேடிப் போனா அவர் வேற ஊர்க் கல்யாணத்தில் இருப்பார்.

ஒரே பில் 30,000-ஐத் தாண்டினா 194சி-ல டிடிஎஸ் பிடிக்கணும், தனிநபர்னா 1%. அதைப் பிடிக்க வேண்டியது நிறுவனம். நீங்க முந்திக்கிட்டு முழுத் தொகையையும் உங்க ஜிபேயில் அனுப்பிட்டா, டிடிஎஸ் யார் கட்டுறதுங்கிற பஞ்சாயத்தில் உங்க பில் மாசக்கணக்கா நிக்கும். பெரிய தொகை எல்லாம் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து நேரா வெண்டருக்குப் போகட்டும், பான் கார்டு நகலோட. சில்லறைச் செலவு மட்டும் உங்க கையில். ஹாக்கத்தான் பரிசும் இப்படித்தான். 10,000-க்கு மேல பரிசுன்னா 194பி-ல 30% பிடிக்கணுமாங்கிற கேள்வி வரும். திறமைப் போட்டிக்கு அது பொருந்துமாங்கிறதில் இரண்டு கருத்து இருக்கு. போஸ்டரில் தொகையை அச்சடிக்கிறதுக்கு முன்னாடி அக்கவுண்ட்ஸில் கேட்டுடுங்க. மேடையில் 25,000-ன்னு சொல்லிட்டு 17,500 கொடுத்தா மாணவர் உங்களைத்தான் பார்ப்பார்.

உங்க பணம் திரும்ப வரும்போதும் கவனம். உண்மையான அலுவலகச் செலவைத் திருப்பித் தர்றது வருமானம் இல்லை. ஆனா அதைச் சம்பளத்தோட 'அலவன்ஸ்'னு சேர்த்துப் போட்டா ஃபார்ம் 16-ல் வருமானமா ஏறிடும். நீங்க 194ஜே ஆளா இருந்தா ஃபீஸுக்கு ஒரு பில், செலவுக்கு இன்னொரு பில்னு கொடுங்க. ஒரே பில்லில் போட்டா மொத்தத்துக்கும் 10% பிடிப்பாங்க.

பதிவுக் கட்டணத்துக்கு உங்க க்யூஆர் கோட் வேண்டாம்

இதை நான் கண்டிப்பாவே சொல்றேன். 'காலேஜ் கேட்வே ரெடியாகலை, உங்க நம்பரைப் போடுங்க தம்பி'ன்னு கேட்பாங்க. 200 மாணவர், ஆளுக்கு 250, மொத்தம் 50,000 உங்க அக்கவுண்டில். வருமான வரி நோட்டீஸ் வந்தாக்கூட கணக்குக் காட்டிச் சமாளிக்கலாம். பெரிய ஆபத்து வேற: பணம் அனுப்பின 200 பேரில் ஒருத்தர் அக்கவுண்ட் ஏதாவது சைபர் மோசடிப் புகாரில் சிக்கியிருந்தா, அந்தப் பணம் போன வழியைப் பிடிச்சு உங்க அக்கவுண்டும் முடக்கப்படலாம். சம்பள அக்கவுண்ட் முடங்கினா பைக் இஎம்ஐ பவுன்ஸ், வாடகை நிக்கும். புகார் வேற மாநிலத்தில் பதிவாகியிருந்தா அதை விடுவிக்க அலைச்சல். காலேஜ் க்யூஆர் வர்ற வரைக்கும் பதிவைத் தள்ளி வைங்க, இல்லைன்னா அலுவலகக் கவுன்டரில் ரசீது போட்டு வாங்கச் சொல்லுங்க.

இன்னொண்ணு, இது பலருக்கும் தெரியாம இருக்கு. திட்ட நிதியில் ஓடுற சென்டரில் உங்க சம்பளமும் அதே நிதியிலிருந்துதான் வருது. செலவு பண்ண பணத்துக்கு நிறுவனம் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்கணும். மத்திய அரசு நிதின்னா ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம். அது போனாத்தான் அடுத்த தவணை வரும். உங்க ஃபைலில் நாலு பில் முடியாம நின்னா சான்றிதழ் நிக்கும், தவணை நிக்கும், கடைசியில் ஏப்ரல், மே மாசச் சம்பளம் நிக்கும். மார்ச்சில் நிகழ்ச்சிகள் குவியறதும் இதே நிதியாண்டுக் கணக்கால்தான். அதனால சம்பளக்கார நண்பர்களுக்கு நான் மூணு மாசச் செலவை அவசர நிதியா வைக்கச் சொன்னா, இந்த வேலைக்காரங்களுக்கு ஆறு மாசம்னு சொல்றேன். பெர்சனல் லோன் எடுக்கறதா இருந்தா ஒப்பந்தம் எப்போ முடியுதுன்னு பார்த்துட்டு, அதுக்குள்ள முடியுற தவணையா எடுங்க.

மார்ச் நிகழ்ச்சிகளின் பில்களை 25-ஆம் தேதிக்குள்ள ஒப்படைச்சு, நகலில் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனின் இன்வர்டு முத்திரையும் தேதியும் வாங்கி போனில் படம் எடுத்து வெச்சுக்குங்க. ஜூனில் 26ஏஎஸ் திறந்து உங்க பணம் 192-ல் ஏறியிருக்கா, 194ஜே-ல் ஏறியிருக்கான்னு பாருங்க. ஆஃபர் லெட்டரில் ஒண்ணும் 26ஏஎஸ்ஸில் வேற ஒண்ணும் இருந்தா, டிடிஎஸ் ரிட்டர்னைத் திருத்தச் சொல்லி அப்பவே மெயில் போடுங்க. நீங்க ஐடிஆர் போட்ட பிறகு சொன்னா இரண்டு வேலை.