விரல்கள் படிக்கும் தாள்

வரைகலை வடிவமைப்பு என்றதும் விளம்பரப் பலகைகளும் நூல்களின் மேலட்டைகளும் நிறுவனங்களின் இலச்சினைகளும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நாட்டு மக்கள் அனைவர் கைகளிலும் நாள்தோறும் புழங்கும் வரைகலைப் படைப்பு ஒன்று உண்டு. அது ரூபாய்த் தாள். காய்கறிச் சந்தையிலும் பேருந்திலும் கோயில் உண்டியலிலும் வங்கியின் காசாளர் முகப்பிலும் அது ஓயாமல் கைமாறுகிறது. அதை எவரும் நின்று இரசிப்பதில்லை. ஒரு நொடி நோக்கி, மதிப்பை உணர்ந்து, அடுத்தவரிடம் கொடுத்துவிடுகிறோம்.

அந்த ஒரு நொடியில்தான் வடிவமைப்பின் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன. அழகு தேவைதான்; ஆனால் அது போதுமானதன்று. தன்னை நம்பியிருப்பவருக்குத் தன் பணியைப் பிழையின்றிச் செய்து தரும் வடிவமைப்பே வெற்றி பெற்றதாகும். இந்த அளவுகோலைக் கொண்டு நம் ரூபாய்த் தாளைச் சற்று உற்றுநோக்குவோம்.

ஒரே பார்வையில்

2016ஆம் ஆண்டு நவம்பர் முதல் வெளிவரும் மகாத்மா காந்தி புதிய வரிசைத் தாள்களில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு நிறம் உண்டு. பத்து ரூபாய்க்குச் சாக்லேட் பழுப்பு, ஐம்பதுக்கு ஒளிர் நீலம், நூறுக்கு வெளிர் ஊதா, இருநூறுக்குப் பளிச்சிடும் மஞ்சள், ஐந்நூறுக்குக் கல் சாம்பல். பின்புறத்தில் நாட்டின் மரபுச் சின்னங்கள் இடம்பெறுகின்றன. பத்து ரூபாயில் கொனாரக் சூரியக் கோயில், ஐம்பதில் ஹம்பியின் கல் தேர், நூறில் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறு, இருநூறில் சாஞ்சி தூபி, ஐந்நூறில் செங்கோட்டை.

எழுத்தறியாதவருக்கு நிறம் உதவுகிறது. எண்ணறிந்தவருக்கு எண் உதவுகிறது. மொழியறிந்தவருக்குப் பின்புறத்து மொழிப்பட்டி உதவுகிறது. அப்பட்டியில் 15 மொழிகளில் தாளின் மதிப்பு எழுதப்பட்டுள்ளது. மொழிகளின் ஆங்கிலப் பெயர்கள் அகரவரிசையில் அமைந்திருப்பதால் தமிழ் 13ஆம் வரியில் வருகிறது. ஒரே செய்தியைப் பல வழிகளில் சொல்வது வீண் விரயமன்று. ஒரு வழி அடைபட்டவருக்கு மற்றொரு வழி திறந்திருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

எனினும் இங்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. இருபது ரூபாயின் நிறம் பச்சை கலந்த மஞ்சள். மங்கிய விளக்கொளியில் அதையும் இருநூறு ரூபாயின் மஞ்சளையும் ஒன்றாகக் கருத இடமுண்டு. மேசையில் அருகருகே வைத்துப் பார்க்கும்போது தெளிவாகத் தெரியும் வேறுபாடு, அந்திக் கடையின் அவசரத்தில் தெளிவாகத் தெரிவதில்லை. வடிவமைப்பைச் சோதிக்க வேண்டிய இடம் அந்தக் கடைதான்.

குறியீடு கற்பிக்கும் பாடம்

தாளில் எண்ணுக்கு முன்னே நிற்கும் ரூபாய்க் குறியீடு, வெற்றிக்கு மற்றோர் இலக்கணத்தைக் காட்டுகிறது. தமிழ்நாட்டில் பிறந்து, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற டி. உதயகுமார் அதை வடிவமைத்தார். 2009ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட பொதுப் போட்டியின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்ட அக்குறியீட்டுக்கு, மத்திய அமைச்சரவை 2010 ஜூலை 15 அன்று ஒப்புதல் அளித்தது. தேவநாகரியின் 'ர' எழுத்தும், செங்குத்துக் கோடு நீங்கிய உரோமானிய 'ஆர்' எழுத்தும் அதில் இணைந்துள்ளன. சில கோடுகளே இருப்பதால் சிறிய அளவிலும் அது சிதையாமல் தெரிகிறது; பேனாவாலும் எளிதில் எழுத முடிகிறது.

ஆனால் வடிவம் செம்மையாக இருந்தால் மட்டும் ஒரு குறியீடு மக்களிடம் சென்று சேர்ந்துவிடாது. கணினியில் தட்டச்சு செய்ய இயலாத குறியீட்டை எந்தக் கணக்கரும் பயன்படுத்தமாட்டார். அதே ஆண்டு அக்டோபரில் வெளியான யூனிகோடு 6.0 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. பின்னர் எழுத்துருக்களிலும் விசைப்பலகைகளிலும் கைப்பேசிகளிலும் இடம்பெற்றது. 2011 முதல் நாணயங்களிலும், அதன்பின் தாள்களிலும் பொறிக்கப்பட்டது. நல்ல வடிவத்துக்கு நல்ல பாதையும் அமைந்தபோதே அது வழக்குக்கு வந்தது.

விரல்களின் தேர்வு

நிறத்தையும் எண்ணையும் காண இயலாதவருக்கு ரூபாய்த் தாள் எவ்வாறு பேசும்? இதுவே மிகக் கடினமான தேர்வு. பார்வையற்ற ஒருவர் தம் உழைப்பின் ஊதியத்தை எண்ணிப் பார்க்கவும், கடைக்காரர் தரும் மீதியைச் சரிபார்க்கவும் விரல்களையே நம்புகிறார். அங்கே வடிவமைப்பு தவறினால் இழப்பு அவருடையது. அதனினும் பெரிதாக, பிறரை எதிர்பாராமல் வாழும் தன்னுரிமையும் அவரிடமிருந்து நழுவுகிறது.

இதற்காக 100, 200, 500 ரூபாய்த் தாள்களில் இன்டாக்லியோ என்னும் அச்சு முறை கையாளப்படுகிறது. செதுக்கிய தகட்டின் பள்ளங்களில் மையை நிரப்பி, மிகுந்த அழுத்தத்தில் தாளில் பதிப்பதால் மை மேடாக எழுந்து நிற்கிறது. நூறு ரூபாயில் முக்கோணமும், ஐந்நூறில் வட்டமும் இவ்வாறு தடவி அறியும் குறிகளாக உள்ளன. இருபுற விளிம்புகளிலும் சாய்கோடுகள் உண்டு: நூறில் நான்கு, இருநூறில் நான்கும் அவற்றிடையே இரு சிறு வட்டங்களும், ஐந்நூறில் ஐந்து.

எண்ணம் சிறந்தது. ஆயினும் பல கைகள் பட்டுப் பழகிய தாளில் மேடுகள் தேய்ந்துவிடுகின்றன. ஐம்பதும் அதற்குக் குறைந்த மதிப்புள்ளனவுமான புதிய தாள்களில் இத்தகைய குறிகள் இல்லை. அப்போது எஞ்சுவது தாளின் அளவு மட்டுமே. பழைய வரிசையில் நூறு ரூபாயின் நீளம் 157 மில்லிமீட்டர், ஐந்நூறின் நீளம் 167; பத்து மில்லிமீட்டர் வேறுபாடு விரலுக்கு எளிதில் புலப்பட்டது. புதிய வரிசையிலோ நூறு 142, இருநூறு 146, ஐந்நூறு 150. அகலம் மூன்றுக்கும் 66 மில்லிமீட்டரே. அடுத்தடுத்த மதிப்புகளிடையே உள்ள வேறுபாடு நான்கு மில்லிமீட்டர், ஏறத்தாழ ஒரு பாசிப்பயறின் நீளம். புதிய தாள்களை அடையாளம் காண்பதிலுள்ள இடர்ப்பாடுகளை முன்வைத்துத் தேசியப் பார்வையற்றோர் சங்கம் மும்பை உயர் நீதிமன்றத்தை அணுகியது.

இச்சிக்கல் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் அறியப்பட்ட அமெரிக்க டாலர்த் தாள்கள் எல்லா மதிப்பிலும் ஒரே அளவுடையவை. தொட்டு வேறுபடுத்த இயலாத அத்தாள்கள் பார்வையற்றோருக்கு உரிய வாய்ப்பை மறுக்கின்றன என்னும் தீர்ப்பை, வாஷிங்டனிலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் உறுதி செய்தது. புகழும் வெற்றியும் ஒன்றல்ல என்பதற்கு இது சான்று.

குறையை ஈடுசெய்யும் முயற்சிகள்

இந்திய ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று 'மணி' என்னும் கைப்பேசிச் செயலியை வெளியிட்டது. தாளைக் கேமராவின் முன் காட்டினால் அதன் மதிப்பைக் குரலாலும் அதிர்வாலும் அது தெரிவிக்கும். நிறுவிய பின் இணைய இணைப்பு தேவையில்லை. ஆனால் தாள் உண்மையானதா போலியா என்பதை இச்செயலி சொல்லாது. இதை நினைவில் கொள்ள வேண்டும்.

2019இல் அறிமுகமான நாணய வரிசை, பார்வைக் குறைபாடு உடையோரை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்பட்டது. அதில் இருபது ரூபாய் நாணயத்துக்குப் பன்னிரண்டு பக்கங்கள். விளிம்பைத் தடவினாலே அது வட்டமான பத்து ரூபாயன்று என்பது தெரிந்துவிடும். பின்னர் ஒரு செயலியைத் தேட வேண்டிய தேவையின்றி, விடையை வடிவத்திலேயே வைத்த முறை இது.

நம் பங்கு

வடிவமைப்பாளரின் உழைப்பைக் காப்பதில் வாடிக்கையாளர்களுக்கும் பங்குண்டு. தாளில் எழுதுவதையும், கம்பி ஊசியால் குத்துவதையும், பலமுறை மடித்துக் கசக்குவதையும் தவிர்க்கலாம். அழுக்கடைந்த, கிழிந்த தாள்களைப் புழக்கத்தில் தள்ளிவிடாமல் வங்கிக் கிளையில் மாற்றிக்கொள்ளலாம். பார்வையற்ற ஒருவருக்குப் பணம் தரும்போது ஒவ்வொரு தாளாக, மதிப்பைச் சொல்லிக் கையில் வைக்கலாம்.

இன்று மாலை, நூறும் இருநூறும் ஐந்நூறுமாக மூன்று தாள்களைக் கலந்து வைத்துக்கொண்டு கண்களை மூடுங்கள். விரல்களால் மட்டும் அவற்றைப் பிரித்துப் பாருங்கள். எத்தனை நொடிகள் ஆகின்றன, எத்தனை முறை தவறுகிறோம் என்பதைக் கணக்கிட்டால், ஒரு வடிவமைப்பிடம் நாம் எதைக் கேட்க வேண்டும் என்பது விளங்கிவிடும்.