பெல்ட்டின் ஓரம் வழவழப்பாவது எப்படி?

கையால் செய்த தோல் பெல்ட் வாங்கும்போது பக்கிளை விடுங்கள், ஓரத்தைப் பாருங்கள். செய்தவரின் கைத்திறன் அங்கேதான் தெரியும்.

தோலின் மேற்பரப்பில் கொலாஜன் நார்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கும். வெட்டிய ஓரத்தில் அவற்றின் நுனிகள் திறந்திருக்கும். வியர்வையும் மழைநீரும் அந்த வழியாகத்தான் எளிதில் நுழைகின்றன.

அதை எப்படி அடைப்பது? கூர்முனையைச் சீவி, உப்புத்தாளால் தேய்த்து, ஓரத்தை லேசாக ஈரப்படுத்துவார்கள். தண்ணீர் நார்களுக்கிடையே புகுந்து அவற்றை இளக்கும். பிறகு வழவழப்பான மரக்கட்டையால் விறுவிறுவென்று தேய்க்க வேண்டும். அழுத்தத்தில் நார்கள் படியும். உராய்வின் சூட்டில் ஈரம் போகும். படிந்தவை படிந்தபடியே இறுகிவிடும். கைவலிக்கும் வேலைதான். மேலே தேன்மெழுகு பூசித் தேய்த்தால், அது சூட்டில் இளகி மிச்ச இடுக்குகளையும் நிரப்பும்.

இந்த வித்தை எல்லாத் தோலிலும் பலிக்காது. ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரத் துவர்ப்பில் பதனிட்ட தோல் கெட்டியானது, அழுத்தினால் படியும். குரோமிய உப்பில் பதனிட்டது பெரும்பாலும் மீண்டும் எழும்பிவிடும். அதற்கு ஓரப் பெயிண்ட்தான் வழி.

வாங்கிய பெல்ட்டைப் பராமரிக்கும்போது எண்ணெயைத் தாராளமாக ஊற்றாதீர்கள். நார்கள் வழுக்கி பெல்ட் தொளதொளத்துப் போகும். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள். ஈரத்தோல் கடும் சூட்டில் சுருங்கி விறைத்துவிடும். அதன்பின் எந்த மெழுகும் அதை மீட்காது.