பழைய வீட்டு வேனில் எண்ணெய்க் கசிவு

படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி ஆகியவற்றை வேனுக்குள்ளேயே அமைத்துக்கொண்டு, விடுமுறையைச் சாலையில் கழிக்கும் வழக்கம் ஐரோப்பாவில் உண்டு. மேற்கு ஜெர்மனியில் 1950ஆம் ஆண்டு உற்பத்தி தொடங்கிய போக்ஸ்வாகன் 'டைப் 2' வேன் இவ்வகையில் பெயர் பெற்றது. வெஸ்ட்பாலியா என்ற நிறுவனம் அதனை வீடாக மாற்றித் தந்தது. அவ்வண்டிகள் பல இன்றும் ஓடுகின்றன. நிறுத்திய இடத்தில் எண்ணெய்ப் பொட்டும் வைக்கின்றன. சிறு பொட்டுத்தானே என்று விட்டுவிடலாமா?

கூடாது. இந்த என்ஜினைக் குளிர்விப்பது நீர் அன்று, காற்று. ஆகவே உராய்வைக் குறைப்பதோடு வெப்பத்தைச் சுமந்து வெளியேற்றும் வேலையிலும் மசகு எண்ணெய்க்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் 1600 சிசி என்ஜின் கொள்ளும் எண்ணெய் 2.5 லிட்டர்தான். அரை லிட்டர் ஒழுகினால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று. எஞ்சிய எண்ணெய் மேலும் சூடாகிறது, சூடானால் நீர்த்துப்போகிறது, நீர்த்த எண்ணெய் இன்னும் எளிதாகக் கசிகிறது. வீட்டுச் சாமான்களோடு மலையேறும் வேனுக்கு இது ஆபத்தான சுழற்சி.

கசிவு எங்கே பிறக்கிறது? இரண்டு பாகங்கள் சேரும் இடங்களில். இந்த என்ஜினில் வால்வுகளை இயக்கும் எட்டுத் தண்டுகள் எட்டுக் குழாய்களுக்குள் செல்கின்றன. ஒவ்வொரு குழாயின் இரு முனையிலும் ஒரு ரப்பர் வளையம்; ஆக மொத்தம் பதினாறு. ரப்பர் என்பது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் தொகுதி. வெப்பமும் ஆக்சிஜனும் சேர்ந்து அச்சங்கிலிகளிடையே புதிய பிணைப்புகளை உண்டாக்க, நாளடைவில் ரப்பர் இறுகி விடுகிறது. என்ஜின் சூடாகி விரியும்போதும் குளிர்ந்து சுருங்கும்போதும் கூடவே நெளிந்து கொடுக்க அதனால் முடிவதில்லை. வால்வு மூடியிலுள்ள தக்கை கேஸ்கெட்டும் அவ்வாறே காய்ந்து சுருங்குகிறது.

இன்னொரு காரணத்தைப் பலர் மறந்து விடுகின்றனர். எரிந்த வாயுவில் சிறிதளவு பிஸ்டன் வளையங்களைக் கடந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அது வெளியேறத் தனிக் குழாய் உண்டு. அக்குழாய் அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி, நல்ல சீல்களின் வழியாகக்கூட எண்ணெயைப் பிதுக்கும். எனவே புதுச் சீல் வாங்குமுன் அக்குழாயைப் பாருங்கள். எண்ணெய் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள்.

சொட்டும் இடமே கசியும் இடம் என்று எண்ண வேண்டா. காற்று எண்ணெயை நெடுந்தூரம் தள்ளிச் செல்லும். என்ஜினின் அடிப்பாகத்தைக் கழுவிக் காயவிட்டு, முகப்பவுடரைத் தூவுங்கள். சிறிது தூரம் ஓட்டி, என்ஜின் ஆறியபின் பார்த்தால், பவுடரில் கறுத்த கோடு எங்கிருந்து தொடங்குகிறது என்பது தெரியும். என்ஜினும் கியர்பெட்டியும் சேருமிடத்தில் ஈரம் இருந்தால் விரலில் தொட்டு முகருங்கள். கந்தக நெடி அடித்தால் அது கியர் எண்ணெய். இல்லையேல் பிளைவீலின் பின்னுள்ள சீல் போயிருக்கலாம். அதை மாற்ற என்ஜினையே கீழே இறக்கவேண்டும். தள்ளிப்போட்டால் கிளட்சில் எண்ணெய் படிந்து வழுக்கத் தொடங்கும்.

நட்டுகளை மேலும் முறுக்குவதால் பயனில்லை. கிராங்க் கேஸ் மெக்னீசியக் கலவையால் ஆனது. அடித்தகட்டின் நட்டுகளை அழுத்தி முறுக்கினால் மரை பிய்ந்துவிடும். ரப்பரை உப்பவைக்கும் மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. வீடுவரை வந்து சேர அவை உதவலாம். அதைப் பழுதுபார்த்தல் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

வண்டிக்குள் எண்ணெய் கருகும் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். புகைபோக்கியின் சூட்டைக் கடந்து வரும் காற்றுதான் உள்ளறையைச் சூடாக்குகிறது. வாடையோடு நச்சுப் புகையும் வரக்கூடும். குனிந்து பார்க்கும்போது பெட்ரோல் குழாய்களில் வெடிப்பு உண்டா என்றும் கவனியுங்கள். பற்றியெரியும் மெக்னீசியத்தை நீர் அணைக்காது, வளர்க்கும்.

கசிவைச் சரிசெய்யும்வரை, பெட்ரோல் போடும் ஒவ்வொரு முறையும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து, அளவுக் குச்சியை உருவிப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தால் எண்ணெய் ஊற்றாமல் என்ஜினை ஓட்டவேண்டா.