டோனருக்கு சிஎம்வி நெகட்டிவ்னா நல்லதுதானே?

ரத்தப் புற்றுநோய் பத்தின எபிசோடுக்கு அப்புறம் ஒரு கேள்வி வந்தது. "அக்காவுக்கு நான்தான் ஸ்டெம் செல் கொடுக்கப்போறேன். டெஸ்ட்ல எனக்கு சிஎம்வி நெகட்டிவ், அக்காவுக்கு பாசிட்டிவ். என்கிட்ட வைரஸ் இல்லாதது நல்லதுதானே?"

நானும் அப்படித்தான் நினைச்சிருப்பேன். விஷயம் தலைகீழ்.

சைட்டோமெகலோ வைரஸ், சுருக்கமா சிஎம்வி, இந்தியாவில் பெரியவங்க பெரும்பாலானவங்க உடம்பில் ஏற்கெனவே இருக்கு. சின்ன வயசுல வந்து சத்தமில்லாம தங்கிடும். டி செல்கள் அதை அடக்கி வெச்சிருக்கும். மாற்று சிகிச்சைக்கு முன்னாடி கொடுக்கிற கீமோதெரபி, நோயாளியோட மஜ்ஜையோட சேர்த்து அந்தக் காவலையும் குலைச்சிடுது. அப்புறம் வைரஸ் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை, உள்ளேயே எழுந்துக்கும். நுரையீரலைத் தாக்கினா உயிருக்கே ஆபத்து.

புதுக் காவல் டோனரோட செல்களிலிருந்துதான் வரணும். டோனர் உடம்பு சிஎம்வியை முன்னாடியே சந்திச்சிருந்தா, அந்த நினைவுள்ள டி செல்களும் கூடவே வரும். சந்திக்கலைன்னா முதல்ல இருந்து கத்துக்கணும். அதனால பாசிட்டிவ் நோயாளி, நெகட்டிவ் டோனர் ஜோடிக்குத்தான் ஆபத்து அதிகம். (சிறுநீரக மாற்றுல இது அப்படியே எதிர். அங்க டோனர் பாசிட்டிவ், வாங்குறவர் நெகட்டிவ்னாதான் கவலை. ரெண்டையும் கலந்து கூகுள்ல தேடினா பயம்தான் மிஞ்சும்.)

ரொம்ப நாளா இருந்த வழி: வாராவாரம் பிசிஆர், வைரஸ் ஏறினதும் கான்சிக்ளோவிர். கேட்கும், ஆனா அந்த மருந்து மஜ்ஜையை அடக்கும். இப்பதான் வேர்விட்ட செல்கள் மேலயே கைவைக்குது. அதனாலதான் அதை முன்கூட்டியே எல்லாருக்கும் கொடுக்கத் தயங்கினாங்க.

2017-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைச்ச லெட்டர்மோவிர் வேற இடத்தில் அடிக்குது. சிஎம்வி தன் டிஎன்ஏவை நீளச் சங்கிலியா நகலெடுத்து, அப்புறம் துண்டு துண்டா வெட்டி உறைக்குள்ள திணிக்கும். அந்த வெட்டுற வேலையைச் செய்யும் டெர்மினேஸை இது நிறுத்துது. நம்ம பாஷையில, கோடு கம்பைல் ஆகும், பேக்கேஜ் ஆகாது. மனுஷ செல்லில் அப்படி ஒரு வேலையே இல்லை, மஜ்ஜை தப்பிச்சது.

பாசிட்டிவ் நோயாளிகளை வெச்சு நடந்த சோதனையில், 24 வாரத்துக்குள்ள தடுப்பு தோத்தவங்க டம்மி மாத்திரை குழுவில் 60.6%, மருந்துக் குழுவில் 37.5%. பாதியில் விலகினவங்களையும் தோல்வியா எண்ணின கணக்கு இது. பூஜ்யம் இல்லை, அதனால பிசிஆர் தொடரணும். ஹெர்பிஸ், அக்கி எதுக்கும் இது கேட்காது. அதுக்கு அசைக்ளோவிர் தனியா.

தம்பி, நெகட்டிவ்னு பின்வாங்காதீங்க. டோனர் தேர்வுல எச்எல்ஏ பொருத்தம்தான் முதல்ல, சிஎம்வி அதுக்கு அப்புறம்தான். டாக்டர்கிட்ட கேளுங்க: லெட்டர்மோவிர் கொடுப்பீங்களா, 100 நாளா 200 நாளா, நிறுத்தின பிறகு பிசிஆர் எத்தனை நாளைக்கு ஒருதடவை?