பனியன் கம்பெனிக்குப் பயிற்சிக்குப் போகும் மாணவர்களுக்கு

செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு கோவை, ஈரோடு, சத்தியமங்கலம் பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் திருப்பூருக்கு பஸ் ஏறுகிறார்கள். டெக்ஸ்டைல், ஃபேஷன் படிப்பவர்கள் மட்டுமல்ல, மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் மாணவர்களும் வருகிறார்கள். நூல் உள்ளே போய் சட்டையாக வெளியே வரும் வரை உள்ள அத்தனை வேலைகளையும் ஒரே ஊரில் பார்த்துவிடலாம். நிட்டிங், சாயப்பட்டறை, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று எல்லாமே இங்கே பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் நடக்கின்றன. வகுப்பறையில் நாலு வருடம் கேட்டாலும் பிடிபடாதது, ஓடும் மெஷின் பக்கத்தில் நாலு வாரம் நின்றால் பிடிபட்டுவிடும். அதனால் போகத்தான் வேண்டும். ஆனால் எந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு போகிறீர்கள் என்பதில்தான் உங்கள் உரிமை முழுவதும் இருக்கிறது.

கம்பெனி வாசலில் எல்லோருக்கும் ‘டிரெய்னி’ என்ற ஒரே பெயர்தான். சட்டத்தின் கண்ணில் அந்தப் பெயருக்குள் மூன்று வகை ஆட்கள் இருக்கிறார்கள். 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி ஒப்பந்தம் பதிவான அப்ரண்டிஸ் ஒருவர். கல்லூரிப் பாடத்திட்டத்தின் பகுதியாக வரும் இன்டர்ன் இன்னொருவர். மூன்றாமவர் முழுநேரமும் உற்பத்தி வேலை செய்துகொண்டு, பெயரளவில் மட்டும் ‘பயிற்சி’யில் இருப்பவர். விரலில் ஊசி ஏறினாலோ, பேசிய தொகை வராமல் போனாலோ, நீங்கள் இந்த மூவரில் யார் என்பதுதான் முதல் கேள்வியாக வரும். அப்போது காட்டத் தாள் இல்லையென்றால், “அந்தப் பையன் சும்மா பார்க்க வந்தான்” என்று சொல்லி முடித்துவிட முடியும்.

பதிவான அப்ரண்டிஸ்தான் இருப்பதிலேயே பாதுகாப்பான இடத்தில் இருப்பவர். முப்பது பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் குறிப்பிட்ட விகிதத்தில் அப்ரண்டிஸ்களைச் சேர்த்தே ஆகவேண்டும். 2019-இல் திருத்திய விதிகள் பட்டதாரிக்கு மாதம் குறைந்தது 9,000 ரூபாய், டிப்ளமோ முடித்தவருக்கு 8,000 ரூபாய் உதவித்தொகை என்று நிர்ணயித்தன. திருப்பூருக்கென்றே எழுதியது போன்ற ஒரு பிரிவும் இந்தச் சட்டத்தில் உண்டு. அப்ரண்டிஸுக்கு பீஸ் ரேட் கணக்கில் பணம் தரக்கூடாது, உற்பத்தி போனஸ் திட்டத்திலும் அவரைச் சேர்க்கக்கூடாது. காரணம் எளிது. பீஸ் எண்ணிக்கை கூடக் கூடத்தான் காசு என்றால் கற்றுக்கொள்ள வந்தவர் கற்பதை விட்டுவிட்டு ஓட்ட ஆரம்பித்துவிடுவார். இந்த ஊரில் சர்வசாதாரணமான ஒன்றரை ஷிப்ட்டும் அவருக்கு இல்லை. அரசின் தொழிற்பழகுநர் ஆலோசகரின் அனுமதி இல்லாமல் ஓவர்டைம் வாங்கக்கூடாது. பயிற்சியின்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தரும் பொறுப்பு நிறுவனத்துடையது. தகராறு வந்தால் அதே ஆலோசகரிடம் போகலாம். டிப்ளமோ, பட்டதாரி அப்ரண்டிஸ்களுக்கு சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம் இருக்கிறது.

மூன்றாவது வகையைப் பற்றி இந்த வட்டாரத்துக்கு யாரும் பாடம் எடுக்கவேண்டியதில்லை. ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் நூற்பாலைகள் ஏழைக் குடும்பத்துப் பெண்களை மூன்று ஆண்டு ‘டிரெய்னி’களாகச் சேர்த்து விடுதியில் வைத்திருந்தன. கல்யாணச் செலவுக்குக் கடைசியில் மொத்தமாகப் பணம் தருகிறோம் என்ற வாக்கை நம்பிப் போனவர்களில், காலம் முடியும் முன்பே உடம்பு முடியாமல் திரும்பி அந்தப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. 2011-இல் நெதர்லாந்து ஆய்வு அமைப்புகள் இரண்டு வெளியிட்ட அறிக்கை இதை உலக பிராண்டுகளின் கவனத்துக்குக் கொண்டுபோனது. கோடைப் பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவரின் நிலை அந்த அளவுக்குக் கொடியதல்ல. ஆனால் ‘பயிற்சி’ என்ற சொல்லைக் காட்டிக் கூலியைக் குறைக்க முடியும் என்ற அதே பழக்கம் இன்னும் போகவில்லை. ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில், மெர்ச்சண்டைசிங் கற்க வந்த மாணவியை நாள் முழுக்க டேக் குத்த உட்கார வைத்தால் அதைப் பயிற்சி என்று எந்தக் கணக்கிலும் சேர்க்க முடியாது. ஒருநாள் இரண்டுநாள் என்றால் அதுவும் கற்றுக்கொள்ளும் அனுபவம்தான். அதுவே மாதம் முழுக்க என்றால் கல்லூரிக்கு எழுத்தில் சொல்லுங்கள்.

கல்லூரி மூலம் வரும் இன்டர்னுக்கு உதவித்தொகை தந்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பாதுகாப்புக்கு அப்படி விலக்கு கிடையாது. பழைய தொழிற்சாலைகள் சட்டம், சம்பளம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உற்பத்தியில் ஈடுபடுபவரைத் தொழிலாளி என்றே சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் அந்த இடத்துக்கு வந்திருக்கும் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, கூலிக்கு உழைப்பவரைத்தான் தொழிலாளி என்கிறது. ஆனாலும் தன் வளாகத்துக்குள் இருக்கும் எவருடைய பாதுகாப்புக்கும், அவர் இருப்பது தெரிந்தாலும் தெரியாவிட்டாலும், முதலாளியே பொறுப்பு என்று அது வைத்திருக்கிறது. மாணவர்கள் பிடித்துக்கொள்ளவேண்டிய வரி அதுதான்.

அபாயங்கள் என்னென்ன என்பதைத் தெரிந்துகொண்டே உள்ளே போங்கள். கட்டிங் மேசையில் பேண்ட் நைஃப் ஓடுகிற இடத்தில் இரும்புவலைக் கையுறை இல்லாமல் துணியைத் தொடக்கூடாது. பட்டன் மெஷினில் ஒரு நொடி கவனம் பிசகினால் விரல் அடிபடும். ஸ்டென்டருக்குள் வெப்பம் 150 டிகிரியைத் தாண்டும். பாலியஸ்டர் சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோவில் 130 டிகிரி நீர் அழுத்தத்தில் நிற்கும். துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டைக் கயிறு, அவிழ்ந்த கூந்தல் எதுவும் சுழலும் பாகத்தின் அருகே போகக்கூடாது. காஸ்டிக், பெராக்சைடு கேன்களை “கொஞ்சம் தூக்கிக் கொடு தம்பி” என்று யாராவது அன்பாகக் கேட்டாலும் கையுறையும் கண்ணாடியும் கேட்டு வாங்கிய பிறகு தொடுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் பேச்சுக்கே இடமில்லை. கழிவுநீர்த் தொட்டி, சேற்றுத் தொட்டி, மூடிய டாங்க் எதற்குள்ளும் இறங்காதீர்கள். 2025 மே மாதம் பல்லடம் அருகே கரைப்புதூரில் சாயப்பட்டறை ஒன்றின் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய தொழிலாளர்கள் மூன்று பேர் இறந்துபோனார்கள். இத்தகைய தொட்டிகளில் தேங்கும் நச்சுவாயு உள்ளே போனவரை உடனே சாய்த்துவிடும், காப்பாற்றப் போனவரையும் சேர்த்துத்தான். சுத்திகரிப்பு நிலையத்தில் புராஜெக்ட் செய்யும் மாணவர், தண்ணீர் மாதிரி எடுப்பதற்காகக்கூடக் குனிந்து இறங்கவேண்டியதில்லை. “முடியாது” என்று சொன்னதற்காகச் சான்றிதழ் தராமல் போனால் அந்தச் சான்றிதழே வேண்டாம்.

முதல் நாளுக்கு முன்பே வாங்கவேண்டியது ஒரு கடிதம். கம்பெனி லெட்டர்ஹெட்டில் தேதி, துறை, நேரம், மேற்பார்வையாளர் பெயர், உதவித்தொகை உண்டா இல்லையா, விபத்து நேர்ந்தால் மருத்துவச் செலவு யாருடையது என்பதெல்லாம் அதில் இருக்கவேண்டும். கல்லூரியின் குழு விபத்துக் காப்பீடு வளாகத்துக்கு வெளியேயும் செல்லுமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். அசல் மதிப்பெண் சான்றிதழை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள், நகல் போதும். இன்டர்ன்ஷிப் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு வாங்கிக்கொண்டு மறைந்துபோகிறவர்களும் இருக்கிறார்கள். ஆன்லைனில் ஏமாந்தால் உடனே 1930-க்கு அழைக்கவேண்டும். காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கிவரும் மாணவர்களிடமும் ஒன்று சொல்லவேண்டும். நேர்முகத் தேர்வில் ஓவர்லாக்குக்கும் ஃபிளாட்லாக்குக்கும் வித்தியாசம் கேட்டால் அந்தத் தாள் உங்களுக்காகப் பதில் சொல்லாது.

அடிபட்டால் முதலில் மருத்துவமனை. அங்கே எங்கே, எப்படி அடிபட்டது என்பதை உள்ளபடி பதியச் சொல்லுங்கள். “வண்டியில் விழுந்தேன் என்று சொல்லிவிடு” என்பவர்களின் பேச்சைக் கேட்டால் இழப்பீட்டுக்கான வழி அங்கேயே அடைபட்டுவிடும். பாதுகாப்புக் குறைபாட்டுக்குத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், கூலிப் பிரச்சினைக்குத் தொழிலாளர் துறை, இரண்டும் அசையாவிட்டால் முதல்வரின் உதவி எண் 1100 அல்லது திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாள். இலவச சட்ட உதவிக்கு 15100.

பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013, டிரெய்னி, அப்ரண்டிஸ் என எல்லோரையும் பெயர் சொல்லியே உள்ளடக்குகிறது. பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் கம்பெனியில் உள்ளகப் புகார்க் குழு இருக்கவேண்டும். சின்ன ஜாப் ஒர்க் யூனிட் என்றால், அல்லது புகாரே முதலாளி மேல் என்றால், மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போகலாம். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரவேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். சான்றிதழ் கைக்கு வரட்டும், வைவா முடியட்டும் என்று மாணவிகள் காத்திருப்பது இந்த மூன்று மாதத்தைத்தான் தின்றுவிடுகிறது. மே மாதம் நடந்ததற்கு ஆகஸ்டிலேயே கெடு முடிகிறது.