கல்லும் காரமும்

திருக்கோவிலூரில் தென்பெண்ணையின் நடுவே நிற்கும் கபிலர் குன்று, காலங்காலமாக வெள்ளம் மோதியும் குலையாத கருங்கல். அவ்வகைக் கல்லை உடைத்துச் சல்லியாக்கி, பைஞ்சுதையும் மணலும் நீரும் கூட்டிக் கற்காரை ஆக்கும்போது கல்லின் சூழலே மாறிவிடுகிறது. ஆற்றுநீர் ஏறக்குறைய நடுநிலையானது. கற்காரையின் நுண்துளை நீரோ, கார அமிலச் சுட்டெண் 13 வரை எட்டும் கடுங்காரம்.

இக்காரம் ஒரு வகையில் காவலன். உள்ளிருக்கும் இரும்புக் கம்பியின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை நிலைநிறுத்துவது அதுவே. ஆனால் கல்லிலுள்ள சிலிக்காவில் அணுவடுக்கு ஒழுங்கு குலைந்த இடங்களை அது அரிக்கும். அங்கே விளையும் கூழ்மம் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். வீக்கம் தாளாத கற்காரையின் முகத்தில், வறண்ட ஏரித்தரை போல வெடிப்புகள் பின்னிக் கிளைக்கும். 1940-இல் கலிபோர்னியாவில் தாமசு இசுடான்டன் இவ்வினையை வெளிப்படுத்தினார். நம் நாட்டில், 1962-இல் முடிந்த உத்தரப்பிரதேசத்து ரிகந்து அணையும் இதற்கு ஆட்பட்டது.

கருங்கல்லில் இத்தீங்கு மெல்ல வரும். மலை எழுந்த காலத்து அழுத்தத்தால் குவார்ட்சுப் படிகங்கள் ஒழுங்கு குலைந்து திரிந்திருக்கலாம். முனைவாக்க நுண்ணோக்கியில் கல்லின் மென்சீவலைச் சுழற்றினால், சீரான படிகம் ஒரே நொடியில் இருளும். திரிந்த படிகத்திலோ இருள் அலையாய் நகரும். ஆய்வகத்தில், அக்கல்லை மணலாய் நொறுக்கிக் கலந்த சாந்துக் கட்டையை 80 பாகை செல்சியசு வெப்பமுள்ள சோடியம் ஐதராக்சைடு கரைசலில் 14 நாள் ஊறவைப்பர், நீட்சி 0.10 விழுக்காட்டைத் தாண்டாவிடில் பொதுவாகத் தீங்கற்றது என்பர். மெல்ல வினைபுரியும் கல் இச்சோதனையில் தப்பிவிடவும் கூடும். ஆகவே நுண்ணோக்கிச் சான்றும் வேண்டும்.

மருந்தும் சிலிக்காவே. மேட்டூர் அனல்மின் நிலையம் கழிக்கும் நிலக்கரிச் சாம்பலில் சிலிக்கா கண்ணாடி நிலையில் நுண்துகளாக இருக்கிறது. பைஞ்சுதையோடு சேர்த்தால், கற்காரை இறுகும் தொடக்கக் காலத்திலேயே அது காரத்தையும் சுண்ணாம்பையும் பிணைத்துக்கொள்ளும். பிணைப்பால் துளைகளும் நெருங்கும். சல்லியில் பின்னாளில் நிகழ்ந்து பிளக்கும் வினை, சாம்பலில் முன்னதாகவே எங்கும் பரவி நிகழ்ந்து கட்டுக்கு வலுவூட்டுகிறது.

எனவே, குவாரிக் கல்லை வாங்கும்போது அதன் வலிமையை மட்டும் கேட்பது போதாது. படிகத்தையும் பார்க்க வேண்டும். பழைய பாலத்தில் வெடிப்பைப் பூசி மறைப்பதும் தீர்வாகாது. வினைக்கு நீர் இன்றியமையாதது. அதனால் தளத்து நீர் தேங்காமல் வடிய வழிசெய்வதே முதற்பணி.