இடியனும் மைக்ரோமீட்டரும்

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களில், பன்றிக்கும் யானைக்கும் பயந்து பரணில் கண்விழித்தவர்களிடம் அன்று இருந்தது இடியன் துவக்கு. மருந்தை வாய்ப்பக்கமாய்ப் போட்டுக் கோலால் இடிப்பார்கள். மேலே ஈயச் சன்னங்கள். அவற்றின் பருமனை யாரும் அளந்ததில்லை. குழாய்க்குள் தடங்கலில்லாமல் உருண்டு இறங்கினால் சரி.

வசதியுள்ளவர் வைத்திருந்த 'பன்னிரண்டு போர்' துவக்குக்குப் பெயரிலேயே அளவு உண்டு. ஒரு இறாத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் விட்டம் எவ்வளவோ அதுவே குழாயின் விட்டம்: ஏறத்தாழ 18.5 மி.மீ. எண் 16 ஆனால் குழாய் ஒடுங்கும். விட்டத்தைத் தராசில் கண்ட காலம் அது!

திருகோணமலையில் பிரெட்ரிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் பழைய பீரங்கிகளையும் பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர் கணக்கில், குழாய் விட்டத்தை 21 பங்காக்கினால் குண்டுக்கு 20 பங்கு, மீதி இடைவெளி. குண்டைச் சோதிக்க இரண்டு இரும்பு வளையங்கள் போதும். பெரியதில் நுழைய வேண்டும், சின்னதில் நுழையக் கூடாது. ஆனால் கோணலான குண்டும் ஒரு வாக்கில் பிடித்தால் பெரிய வளையத்தைத் தாண்டிவிடும். அதனால் பின்னர் நீளக் குழாயில் உருட்டியும் பார்த்தார்கள்.

கைத்துப்பாக்கியில் கதை தலைகீழ். உள்ளே முறுக்கிச் செல்லும் வரிப்பள்ளங்களைச் சன்னம் இறுகப் பற்ற வேண்டும், இடைவெளிக்கே இடமில்லை. பருத்தால் அழுத்தம் ஏறும், மெலிந்தால் வாயு பக்கவாட்டில் கசிந்து குறி தவறும். பெயரை நம்பவும் முடியாது. லூகர் 9 மி.மீ. சன்னம் 9.02 மி.மீ.; மக்கரோவும் 9 மி.மீ.தான் என்பார்கள், அதன் சன்னமோ 9.27. '38 ஸ்பெஷல்' சன்னம் உண்மையில் 0.357 அங்குலம். அமெரிக்காவில் தோட்டாவைத் தாங்களே நிரப்புகிறவர்கள் பெட்டியில் அச்சிட்டதை விட்டுவிட்டு மைக்ரோமீட்டரை எடுப்பது இதனால்தான். 0.02 மி.மீ. வரை காட்டும் வேர்னியர் இந்த வேலைக்குப் பற்றாது. முதலில் மைக்ரோமீட்டரின் முகங்களைத் துடைத்துப் பூச்சியம் சரியா என்று பார்க்க வேண்டும். கூம்பிய மூக்கை விட்டு, நேரான உடம்பில் அளக்க வேண்டும். கால் சுற்றுத் திருப்பி மறுபடியும். ஒரே சன்னத்தை நம்பாமல் பெட்டியிலிருந்து பலதை எடுத்துப் பார்க்க வேண்டும். உள்ளங்கையில் வைத்துக்கொண்டிருந்தால் சூட்டில் அதுவும் சற்றே வீங்கும். பழைய வளையத்தின் ஏமாற்று இங்கேயும் உண்டு, கோணலான சன்னமும் ஒரு வாக்கில் சரியான அளவையே காட்டிவிடும் என்பது எனக்குப் பிடித்த சங்கதி.

இலங்கையில் இந்த அளவெடுப்புக்கு வீட்டில் வேலையில்லை. உரிமம் இல்லாமல் துவக்குச் செய்தால் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் பாயும். நம்மூர்ப் பக்கங்களில் மைக்ரோமீட்டரைக் காண வேண்டுமானால் லேத் பட்டறைக்குப் போக வேண்டும். தேய்ந்த டிராக்டர் கிராங்கை அங்கே ஓரிடத்தில் அளந்து, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி அளக்கிறார்கள். வயலுக்கோ வனஜீவராசிகள் திணைக்களம் தரும் யானை வெடி. திரியில் நெருப்பை வைத்து எறிவதுதான், அளக்க ஒன்றுமில்லை.